பத்துக்கு நூற்றெட்டு

அக்டோபர் 14, செவ்வாய்

மூன்று ஜில்லாக்களின் கபடி வர்ணனைச் சக்கரவர்த்தியும், ஏரல் வட்டாரத்துப் பதினெட்டுப் பட்டிக்கும் மைக் செட் வழங்கும் வள்ளலும், பிரமசக்தியின் கணவனுமாகிய ஆவுடையப்பன் என்னும் நாம், ஐம்பத்தெட்டாம் வயதில், டாக்டரின் ஆணைக்கு இணங்கி இந்த டயரியை எழுதத் தொடங்குகிறோம்.

ஆணை இதுதான்: என்ன சாப்பிட்டோம், எப்போது எரிந்தது, எப்படி எரிந்தது என்று தினமும் எழுதவேண்டும். டயரி வாங்கிக் கொடுத்தது அக்கா மகள் மதிவதனி. மதுரையில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்ட். நம்மை மதுரைக்கு இழுத்துப்போய் டாக்டர் ஜெசிந்தாவின் முன்னால் உட்காரவைத்தவளும் அவளே.

“வலி எவ்வளவு இருக்குன்னு பத்துக்குச் சொல்லுங்க. வலியே இல்லன்னா சைபர், தாங்க முடியலன்னா பத்து” என்றார் டாக்டர்.

“நூத்தியெட்டு.”

“மாமா!” என்று மதி தொடையில் கிள்ளினாள்.

“ஏன் தாயி, குறைச்சுச் சொல்லிட்டேனா?”

“பத்துக்குள்ள சொல்லுங்க சார்.”

“பத்துக்குள்ள சொன்னா என் நெஞ்சுக்கு அவமானம் டாக்டர். உள்ள ஒரு செங்கச்சூளை எரியுது. நாலு வீட்டுக்குக் கல்லு எடுக்கலாம்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாகவே படித்துவிட்டோம். நான்கு என்று போட்டிருந்தார்.

எரிச்சல் இன்று நேற்று வந்ததல்ல. ராத்திரி முழுக்க மைக்கில் கத்திவிட்டு, விடிகிற நேரத்தில் புரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு, அப்படியே பந்தல் பாயில் சாய்ந்த காலத்திலிருந்து எரிகிறது. எரிந்தால் அது கேஸ். கேஸ் என்றால் உப்பும் எலுமிச்சையும் போட்ட கோலி சோடா. இது எங்கள் ஊரின் அரசியல் சட்டம். ஒரு பெரிய ஏப்பம் வந்தால் சுற்றியிருப்பவர்கள் எல்லாம், ‘ஆங், போயிருச்சு’ என்று சந்தோஷப்படுவார்கள். அந்த ஏப்பத்தோடு வயிற்றிலிருக்கிற அமிலமும் மேலே வந்து உணவுக்குழாயைத் தின்றுகொண்டிருந்தது என்று டாக்டர் இன்றைக்குச் சொன்னார். நாம் குடித்த சோடாவைத் தேக்கினால் ஸ்ரீவைகுண்டம் அணை இரண்டு தடவை நிரம்பும்.

போன வருஷம் திருநெல்வேலியில் வாய்வழியாகக் குழாய் விட்டு, உள்ளே மாறிப்போன தோலை இரண்டு தடவை சுட்டார்கள். ஊரில் கேட்டவர்களிடம், “உள்ள வெல்டிங் வேலை” என்று சொல்லிவைத்தோம். இப்போது மதுரையில் மறுபடி குழாய் விட்டு, பல இடத்தில் கிள்ளி எடுத்திருக்கிறார்கள். முடிவு வர இரண்டு வாரம்.

அக்டோபர் 16, வியாழன்

காலை இரண்டு இட்லி. எரிந்தது. மதியம் ரசம் சாதம். எரிந்தது. சாயங்காலம் ஒன்றும் சாப்பிடவில்லை. அதற்கும் எரிந்தது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அக்கா இசக்கியம்மாள் லேகியத்தோடு வந்தாள். நம்மைவிட ஆறு வயது மூத்தவள். உலகத்து நோய்கள் எல்லாம் சூட்டினால் வருவதாக நம்புகிறவள்.

“ஏலே ஆவுடை, வாயத் தொற.”

“அக்கா, டாக்டரு காரம் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“லேகியம் காரமா? அது மருந்துல்லா!”

தொட்டு நாக்கில் வைத்தாள். அடுத்த கால் மணி நேரம் நமது திருமார்பில் சிவகாசி எரிந்தது. அதை நாம் முறைப்படி அறிவித்தோம். மச்சினன் பிள்ளைகள் நம்மைப் போலவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, எரிமலை! எரிமலை!” என்று முற்றத்தில் உருண்டார்கள். பிரமு, அதாவது நம் பிரமசக்தி கூட, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நாமும் சிரித்தோம். நன்றாகத்தான் நடித்தார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. போன மாசம் காலில் கருவேல முள் குத்தியதற்கு, காலை வெட்டி எடுத்தால்தான் பிழைப்போம் என்று தெருவைக் கூட்டியவர் நாம்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம், படுத்தால் அமிலம் மேலே வராமலிருக்க. சிம்மாசனம் என்று பெயர். ஆனால் விடிவதற்குள் சக்கரவர்த்தி சறுக்கிக் கால்மாட்டுக்கு வந்துவிடுகிறார். பிரமு அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்துப் போடுவாள். இன்று காலையும் இழுத்தாள். அவளும் தூங்கி வெகுகாலம் ஆகிறது என்று தோன்றியது.

அக்டோபர் 29, புதன்

மதுரை பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. கோவில்பட்டியில் வெள்ளரிப் பிஞ்சு விற்றார்கள், வாங்கவில்லை. மாட்டுத்தாவணியில் இறங்கியபோது தூறல். மதி குடையோடு நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் மின்விசிறி ஒன்று கடகடவென்று சத்தம் போட்டது. நமது பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று இதே ராகத்தில்தான் செத்தது.

“கேன்சரா டாக்டர்?” என்று மதி கேட்டாள். நாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இல்லம்மா. ஆனா அதுக்கு முந்தின கடைசிப் படி. சுட்டு எடுக்கிறதுதான் எப்பவும் முதல்ல செய்வோம். இவருக்கு ரெண்டு தடவை சுட்டும் திரும்ப வந்திருக்கு. நீளமா இருக்கு, பல இடத்துல இருக்கு, ஒரு இடம் மேடு தட்டியிருக்கு. இன்னும் காத்திருக்கிறது நல்லதில்ல.”

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். உணவுக்குழாயை எடுத்துவிடுவார்கள். இரைப்பையைக் குழாய் மாதிரி நீளமாகத் தைத்து, நெஞ்சுக்குள்ளே மேலே இழுத்து, கழுத்தில் மிச்சமிருக்கும் முனையோடு சேர்ப்பார்கள்.

“அப்போ வயித்துல குத்துனா கழுத்துல வலிக்குமா டாக்டர்?”

டாக்டர் சிரிக்கவில்லை. “பெரிய ஆபரேஷன் சார். தையல் போட்ட இடம் சிலருக்குக் கசியலாம். குரல் நரம்பு அதை ஒட்டியே போகுது, குரல் மாறலாம். எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுறேன்.”

திரும்பி வீட்டுக்கு வந்தபோது பிரமு அடுக்களை வாசலில் உட்கார்ந்து சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னாவ?”

“கொஞ்சம் தோலு மாறியிருக்காம். எடுத்துரலாம்னு சொல்லுதாங்க.”

அவள் கை நின்றது. “கொஞ்சமா?”

“ஆமா.”

“உங்க வாயில அந்தச் சொல்லு வந்து நான் ஒரு தடவதான் கேட்டிருக்கேன். எங்க அம்மா வீட்டுக்கு போன் போட்டு, ‘எங்க அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, கிளம்பி வா’ன்னு சொன்னீய. வந்து பார்த்தா மாமாவ வெளிய கெடத்தியிருந்தீய.”

நான் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்தேன். அவள் எழுந்துபோய் முகம் கழுவினாள். உள்ளி கண்ணில் பட்டுவிட்டதாம்.

நவம்பர் 2, ஞாயிறு

கபடிக் கமிட்டித் தலைவர் லிங்கதுரை இரண்டு பேரோடு வந்தார். பொங்கலுக்கு மறுநாள் தொடர் ஆட்டம். பதினாறு டீம்.

“அண்ணாச்சி, நோட்டீசுல உங்க பேரைப் போட்டாச்சு. இந்தத் தடவை லைட் வெளிச்சத்துல ஆட்டம். நீங்க பேசாட்டா கூட்டம் உக்காராது.”

“லைட் எதுக்குவே? நான் பேசுனா சூரியன் திரும்பி வந்து நின்னு கேக்கும்.”

டீ குடித்துவிட்டுப் போனார்கள். நாம் சுக்குத் தண்ணீர் குடித்தோம். அவர்கள் போனதும் பிரமு கேட்டாள், “ஏன் அவியகிட்ட சொல்லல?”

“பொங்கலுக்குள்ள எந்திரிச்சிருவேன்.”

“குரலு?”

நாம் பதிலாக ஆம்ப்ளிஃபயரைத் துடைக்கப் போனோம். துடைக்க வேண்டிய அவசியமில்லாத அளவுக்கு அது சுத்தமாக இருந்தது. இருந்தாலும் துடைத்தோம்.

நவம்பர் 10, திங்கள்

பெட்டிக்கடையில் நமக்குச் சோடா கொடுத்தால் கடையே இருக்காது என்று பிரமு போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பாக்கு மட்டும் கேட்டேன். கடைக்காரர் பயந்துபோய் அதையும் தரவில்லை.

நவம்பர் 17, திங்கள்

ஆபரேஷனுக்கு முன்னால் நுரையீரலைப் பழக்கவேண்டுமாம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று பந்துகள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலேறி நிற்கவேண்டும். முதல் நாள் ஒன்று ஏறியது. இன்று இரண்டு ஏறி, மூன்றாவது நம்மைப் பார்த்து யோசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுக்கிற பையனிடம், “தம்பி, இந்தப் பந்து சரிப்படாது. எங்க ஊரு வைத்தியம் பாரும்” என்று சொல்லி, தொடையைத் தட்டி, ஒரே மூச்சில் கபடிகபடிகபடிகபடி என்று வராந்தாவின் கோடி வரைக்கும் போய்த் திரும்பினோம். வீல்சேரில் இருந்த ஒரு பெரியவர் கைதட்டினார்.

“இதையும் தினம் செய்யுங்க சார்” என்றான் பையன். “பந்தையும் விட்டுறாதீங்க.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரமுவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கோவில்பட்டி எப்போது போனதென்றே தெரியாது. களைப்பு என்றால் அது கால், கையில் இல்லை. பேசுகிற இடத்தில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தைப் பெரிதாக்கிச் சொல்ல இப்போதெல்லாம் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

நவம்பர் 24, திங்கள், மதுரை

ஆஸ்பத்திரிக் கட்டில். இங்கே பித்தானை அமுக்கினால் தலைமாடு தானாக உயர்கிறது. இத்தனை காலம் செங்கல் தூக்கியது வீண்.

நாளை காலை என்பதால் ஓர் அரசாணை பிறப்பிக்கிறோம். பெரிய ஆம்ப்ளிஃபயர் மதிவதனிக்கு. அவள் அதை லேபில் வைத்து ஆராயலாம். கோன் ஸ்பீக்கர்கள் முத்தாரம்மன் கோயிலுக்கு. நம்முடைய பழைய வெள்ளி மைக், எவரும் கையால் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, பிரமசக்திக்கு. லிங்கதுரைக்கு ஒன்றுமில்லை.

இதை மதியிடம் படித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு, “பேசாம படுங்க மாமா” என்று போர்வையை இழுத்துவிட்டாள். பிரமு படிக்கக் கேட்கவில்லை. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், நான் சாப்பிடக் கூடாது என்று தெரிந்தும்.

நவம்பர் 25, செவ்வாய்

பல் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தாயிற்று.

நவம்பர் 29, சனி

இருக்கிறோம்.

நவம்பர் 30, ஞாயிறு

மூக்கில் ஒரு குழாய். விலாவில் ஒன்று. கழுத்தில் ஒன்று. அடிவயிற்றில் ஒன்று, அதன் வழியாகத்தான் ஆகாரம். கஞ்சி மாதிரி ஏதோ, குடலுக்கே நேராகப் போய்விடுகிறது. நாக்குக்குச் சேதி கூட வருவதில்லை. இன்னும் ஒன்று எங்கே என்று எழுதினால் மதி படிப்பாள்.

வாயால் ஒரு சொட்டும் கூடாது. தையல் ஆறவேண்டும். புதன்கிழமை மருந்து குடிக்கவைத்து எக்ஸ்ரேயில் பார்ப்பார்களாம். கசிவு இல்லையென்றால் தண்ணீர்.

குரல் போய்விட்டது. இருப்பது வேறு ஏதோ. பழைய செருப்பை இழுத்து நடக்கிற சத்தம். டாக்டர், “நரம்பு அதிர்ந்திருக்கு, மெள்ள வரும்” என்கிறார். எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஷீபா என்று ஒரு நர்ஸ், நாகர்கோவில் பக்கம். தினமும் வந்து பத்துக்கு எவ்வளவு என்று கேட்பாள். வெள்ளிக்கிழமை ஐநூறு என்றேன். நேற்று மூவாயிரம். இன்று காலை, செருப்புக் குரலில், “ஏழாயிரம்.”

“ஏழாயிரமா? ஓகே, அப்ப நாலு” என்று எழுதிக்கொண்டாள். கெட்டிக்காரி. வாய்பாடு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

பேனா கனக்கிறது. நிறுத்துகிறேன்.

டிசம்பர் 1, திங்கள்

அக்கா வந்தாள். என்னைப் பார்த்ததும், “ஏலே, என்னலே இப்படி வத்தல் கணக்கா ஆயிட்ட” என்று தலைமாட்டில் நின்று அழுதாள். பிரமு மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அக்கா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். திருச்செந்தூர் பன்னீர் இலை விபூதி. நெற்றியில் பூசினாள். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வழக்கத்தில் விபூதியைப் பூசினால் மட்டும் போதாது, ஒரு சிட்டிகை வாயிலும் போடவேண்டும்; அப்போதுதான் முருகன் உள்ளே போவான். அவள் போட்டாள். மேலுக்கு ஒரு மூடித் தீர்த்தம்.

நான் விழுங்கினேன்.

“அம்மா! என்ன செய்றீங்க!” ஷீபா வாசலிலிருந்து கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “இவருக்கு வாயால ஒண்ணும் குடுக்கக்கூடாது! போர்டு மாட்டியிருக்குல்ல!”

“சாப்பாடுதானேம்மா குடுக்கக்கூடாது? இது சாமி பிரசாதம்” என்றாள் அக்கா. பொய்யில்லாத குழப்பம் அவள் முகத்தில்.

டாக்டர் வந்து பார்த்தார், கோபப்பட்டார், போனார். அக்கா வராந்தாவில் உட்காரவைக்கப்பட்டாள். எல்லாம் முடிந்தபிறகு என் நாக்கில் மிச்சமிருந்தது சாம்பலும் பன்னீரும் கலந்த ஒரு ருசி. ஒரு வாரத்தில் முதல் ருசி. நான் கண்ணை மூடி அதையே வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

கொஞ்சம் வலி.

டிசம்பர் 9, செவ்வாய்

அன்று நான் எழுதியது அவ்வளவுதான். எழுதியதே நினைவில்லை. மிச்சத்தை மதி சொல்லி, பிரமு திருத்தி, நான் சேர்த்துவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஷீபா வந்து பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாளாம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு” என்றேனாம்.

“ரெண்டா! சூப்பர் அங்கிள்” என்று அவள் சந்தோஷமாக எழுதிக்கொண்டு, வாசலில் நின்ற பிரமுவிடம், “அம்மா, இன்னைக்கு நல்லா தேறிட்டாரு. ரெண்டுன்னு சொல்றாரு” என்றாளாம்.

பிரமு கையிலிருந்த பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஏங்க, இங்க பாருங்க. எப்படி இருக்கு?”

“கொஞ்சம் வலிக்கு.”

அவ்வளவுதான். வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் கத்தினாள் என்கிறாள் மதி. நான் மைக் இல்லாமல் பேசியதைவிடச் சத்தமாக.

“டாக்டரைக் கூப்பிடுங்க! இவரு கொஞ்சம்னு சொல்லுதாரு!”

ஓடி வந்தவர் இளவயது டாக்டர். “வலி குறைஞ்சிருக்கு, அது நல்லதுதானேம்மா?”

“ஏழாயிரம்னு சொன்னா நான் கேன்டீன்ல போய் டீ குடிப்பேன் தம்பி. இவரு கொஞ்சம்னு சொல்லுதவரு இல்ல. எங்க மாமனாரு செத்ததுக்குத்தான் இவரு கொஞ்சம்னு சொன்னாரு. நீங்க அந்தத் துணியப் பிரிச்சுப் பாருங்க. ஏதோ ஆகிட்டிருக்கு.”

அந்தத் தம்பிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் கழுத்துக் கட்டைப் பிரித்தார். தையல் சிவந்து வீங்கியிருந்தது. நெற்றியில் கை வைத்தார். சுட்டது. பிறகு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, எல்லாரும் வந்துவிட்டார்கள். கழுத்தில் இணைத்த இடம் கசிய ஆரம்பித்திருந்தது. தையலைத் திறந்து, கழுவி, கசிவது வெளியே வர வழி விட்டு, ஸ்கேன் எடுத்து, மறுபடி ஐசியு. “இதைக் கவனிக்காம விட்டிருந்தா நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கும். அப்புறம் ரொம்பக் கஷ்டம்” என்று டாக்டர் ஜெசிந்தா பிரமுவிடம் சொன்னாராம்.

அக்கா வராந்தாவிலேயே இருந்திருக்கிறாள். தன்னுடைய விபூதிதான் தம்பியைக் கொன்றது என்று முடிவுகட்டி, சரியாகச் சாப்பிடாமல். நேற்று என்னைப் பார்க்க விட்டார்கள். உள்ளே வந்து என் காலைத்தான் பிடித்தாள்.

“அக்கா, டாக்டரு சொன்னாங்கல்லா, இது சிலருக்கு வாரதுதானாம். விபூதிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லையாம்.”

“நெசமாவா?”

“திருச்செந்தூர் முருகன் மேல கேஸ் போட முடியாதுன்னு ஆஸ்பத்திரியில தீர்ப்பே குடுத்துட்டாங்க.”

அழுகைக்கு நடுவில் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

ஷீபா இன்று வந்து நின்றாள். “அங்கிள், இனிமே உங்க நம்பர நான் எழுத மாட்டேன். ஆன்ட்டிகிட்ட கேட்டு எழுதிக்கிறேன்.”

டிசம்பர் 19, வெள்ளி

எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு ஸ்பூன். பிரமுதான் கொடுத்தாள். தாமிரபரணி பாபநாசத்திலிருந்து இறங்கி நேராக நம் தொண்டைக்குள் வந்தது. இருமல் வந்தது. இன்னொரு ஸ்பூன்.

வெட்டி எடுத்த உணவுக்குழாயைப் பரிசோதித்த ரிப்போர்ட்டும் வந்தது. டாக்டர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து சொன்னார். “அந்த மேடு தட்டின இடத்துல ஆரம்பிச்சிருந்தது சார். மிளகைவிடச் சின்னது. மேல் அடுக்கைத் தாண்டல, வேற எங்கயும் போகல. முழுசா வெளிய வந்தாச்சு. இதுக்கு மேல கேன்சர் மருந்து, கரண்ட் வைக்கிறது எதுவும் வேண்டாம்.”

மதி மூக்கை உறிஞ்சினாள். “பொங்கல் முடியட்டும்னு தள்ளிப்போட்டு வந்திருந்தா?” என்று பிரமு டாக்டரைக் கேட்டாள். “அதான் வரலையேம்மா” என்றார் அவர்.

டிசம்பர் 27, சனி

வீடு. ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் அரை இட்லி. அதைத் தின்ன அரை மணி நேரம். தின்றதும் படபடப்பு, வியர்வை, உட்கார்ந்தே இருக்கவேண்டும். பிறகு அடுத்த அரை இட்லி. சாப்பிடுவது இவ்வளவு பெரிய உத்தியோகம் என்று இதுவரை தெரியாது.

சிம்மாசனத்துக்குக் கூடுதலாகச் செங்கல் வைத்தாகிவிட்டது. இன்னும் சறுக்குகிறேன். இழுத்துப்போட இப்போது பிரமுவுக்குச் சுலபம், பாதிதான் இருக்கிறேன்.

எரியவில்லை. இதை எழுதவேண்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு நாள் கூட எரியவில்லை. நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கிறேன், காலி வீடு மாதிரி இருக்கிறது.

ஜனவரி 16, வெள்ளி

கபடி. போகவில்லை. லிங்கதுரை வந்து பார்த்துவிட்டு, “அடுத்த வருசம் அண்ணாச்சி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நம் மைக் செட்தான் போயிருக்கிறது. பேசுவது யாரோ சாயர்புரத்துக்காரர்.

கட்டிலிலிருந்தே கேட்கிறது. “ஒரு புள்ளி.” மௌனம். “இன்னும் ஒரு புள்ளி.” மௌனம். “ஆறு புள்ளி.” மௌனம். ரயில்வே ஸ்டேஷனில் கூட இதைவிட உணர்ச்சியோடு சொல்வார்கள்.

“பிரமு.”

“என்ன?”

“அவன் கபடி பாடிப் போறவன் ஆறு பேரைத் தட்டிட்டு வந்தானாம்டி. இந்த ஆளு வெறும் ஆறுங்கான். நானா இருந்தா...” குரல் கட்டிக்கொண்டது. தண்ணீர் கொடுத்தாள்.

“நீங்களா இருந்தா?”

“அறுபது பேரு. அதுல நாலு பேரு பார்க்க வந்தவங்க.”

அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். தீபாவளிக்குச் சிரித்ததற்கு அப்புறம் இப்போதுதான். நான் இன்னும் ஒன்று சொல்லலாம் என்று பார்த்தேன். களைப்பாக இருந்தது. சாயர்புரத்துக்காரர், “ஒரு புள்ளி” என்றார்.

ஜனவரி 28, புதன்

மதுரை. டாக்டர் ஜெசிந்தா இந்த டயரியைக் கேட்டு வாங்கி, சில பக்கங்களைப் புரட்டினார். மருத்துவத்துக்கு உதவுகிற வரி ஒன்றாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். லேகியத்தில் நின்றார். விபூதியில் நின்றார். டிசம்பர் இரண்டாம் தேதிப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

“இப்ப வலி எப்படி சார்? பத்துக்கு?”

“பன்னிரண்டாயிரம்” என்றேன். குரல் பாதி திரும்பியிருக்கிறது. பெரிய எண்களுக்கு இன்னும் சிரமப்படுகிறது.

டாக்டர் என்னைப் பார்க்காமல் பிரமுவைப் பார்த்தார்.

“நல்லா இருக்காரு டாக்டர்” என்றாள் பிரமு.

டாக்டர் ஒன்று என்று எழுதினார். டயரியை மூடி என் கையில் கொடுத்தார். “ஒண்ணு கேக்கலாமா? ஆபரேஷனுக்கு முன்னாடி, பயந்தீங்களா?”

“பயமா? நானா? மூணு ஜில்லா டாக்டர், மூணு ஜில்லா...” பாதியில் நின்றுவிட்டது. குரல் கட்டியதால் இல்லை. மின்விசிறி இன்றும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதைச் சரிசெய்யவில்லை.

“கொஞ்சம்” என்றேன்.

டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார். வெளியே வந்ததும் பிரமு மருந்துப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். ஊரில் தெருவில் நடந்தால் நாலு அடி பின்னால் வருகிறவள். மாட்டுத்தாவணி பஸ் ஏறுகிற வரைக்கும் என் கையை விடவில்லை.